நீங்க எந்தச் சபை?

1

நவம்பர், டிசம்பர் மாதங்களில் விஸ்வநத்தத்தில் யாரும் சும்மா இருக்க முடியாது. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் கொஞ்சம் மூச்சு வாங்கும். அச்சகங்களுக்கோ அதுதான் உச்ச நேரம். ஆடிப்பெருக்கு அன்று போட்ட காலண்டர் ஆல்பத்துக்கு வந்த ஆர்டர் எல்லாம் அப்போதுதான் வண்டி ஏறும். நான் பொறியியல் படித்த காலத்தில், செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்தால் ஒரு அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்ப்பேன். கைச்செலவுக்கு ஆகும்.

ஒரு வருடம் ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபைக்கு வாக்குத்தத்தக் காலண்டர் போட்டோம். ஆயிரத்து ஐந்நூறு பிரதி. மேலே பாஸ்டர் படம், கீழே பெரிய எழுத்தில் ஒரு வசனம். யோவான் மூன்றாம் அதிகாரம், பதினாறாம் வசனம். பைபிள் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரிந்த வசனம் அது. திரும்ப டைப் அடிக்கச் சோம்பல். முந்தின வாரம் ஒரு கத்தோலிக்கப் பங்குக்குச் செய்த ஃபைலில் அதே வசனம் இருந்தது. எடுத்து ஒட்டினேன். புரூப் பார்த்தவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிளேட் போட்டு, அடித்து, கட்டும் கட்டிவிட்டோம்.

பாஸ்டர் வந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். வசனத்தைப் படித்ததும் நின்றுவிட்டார்.

“தம்பி, இது ஆர்.சி. பைபிள்ல உள்ள வசனம்லா? நம்ம பைபிள்ல ‘தேவன்’னுதான இருக்கும். இதுல ‘கடவுள்’னு கெடக்கே.”

எனக்கு முதலில் அவர் சொன்னதே புரியவில்லை. முதலாளி அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. மறுபடி அடிக்க நேரமும் இல்லை, தாளும் இல்லை. கடைசியில் ‘தேவன்’ என்று சின்ன ஸ்டிக்கர் அடித்து, ‘கடவுள்’ மேல் ஒட்டுவது என்று முடிவாயிற்று. ஆயிரத்து ஐந்நூறையும் வீட்டுக்குத் தூக்கிவந்து அம்மாவும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டினோம்.

அம்மா நாசரேத் பக்கம். வேதக்காரக் குடும்பம். அப்பா வீட்டில் மாரியம்மன். ஒட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: “ரெண்டும் ஒண்ணுதானல. ஆனா அவரு சொல்றதும் சரிதான்.”

இரண்டும் ஒன்றுதான் என்றால் அவர் சொல்வது எப்படிச் சரியாகும்? இந்தக் கட்டுரை ஏறக்குறைய அந்த ஒரு கேள்விதான்.

2

தெற்கே ஒருவர் கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் அடுத்து வருகிற கேள்வி, “நீங்க எந்தச் சபை?” ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, லுத்தரனா, பெந்தெகொஸ்தேவா, சால்வேஷன் ஆர்மியா? இந்துக்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரே சாமி, ஒரே புத்தகம், பிறகு ஏன் இத்தனை போர்டு என்பார்கள். ஆபீஸ் கேன்டீனில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் போனை எடுத்து, “உலகத்துல நாப்பத்தஞ்சாயிரம் சபை இருக்காம் பாஸ்” என்பார்.

இந்த எண்ணைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இதுபோன்ற எண்களுக்கெல்லாம் ஊற்று, ‘உலகக் கிறிஸ்தவக் கலைக்களஞ்சியம்’ என்ற ஆங்கிலத் தொகுப்பும் அதன் வழிவந்த கணக்குகளும். 2001 பதிப்பில் 33,000-க்கு மேல் என்று வந்தது. ஆனால் அவர்கள் சபையை நாடுவாரியாக எண்ணுகிறார்கள். ஒரே கத்தோலிக்கத் திருச்சபை இருநூறு நாடுகளில் இருந்தால் இருநூறு முறை கணக்கில் ஏறும். டேட்டாபேஸில் தப்பான கீ வைத்து ஜாயின் போட்டால் வருமே, அந்த மாதிரி எண் அது. பிரிவுகள் நிறைய என்பது உண்மை. அந்த எண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் உண்மை.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு உவமை உடனே தோன்றும்: ஃபோர்க். ஒரு திறந்த மூல மென்பொருளை நடத்துகிறவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் மொத்த நிரலையும் பிரதி எடுத்துக்கொண்டு தனியே போய்விடலாம். மூலம் ஒன்று, நடத்துகிறவர் வேறு. சபைப் பிரிவும் அதுதானே என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஆனால் இந்த உவமை ஒரு முக்கியமான இடத்தில் உடைகிறது. ஃபோர்க் செய்தவன் பழைய இடத்திலிருந்து எதையும் இழப்பதில்லை. முழுப் பிரதியும் அவன் கையில் இருக்கும். சபையை விட்டுப் போகிறவன் பைபிளை எடுத்துக்கொண்டு போகலாம். கோயிலை, பள்ளிக்கூடத்தை, கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. அவை யாரோ ஒருவர் கையில் தங்கிவிடும். இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

பொதுவான விளக்கங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1054-இல் கிழக்கும் மேற்கும் பிரிந்தன. 1517-இல் லூத்தர் தொடங்கிவைத்தது மேற்கை உடைத்தது. புத்தகம் அவரவர் மொழியில் அவரவர் கைக்கு வந்ததும் ஆளுக்கொரு வாசிப்பு வந்தது. எல்லாம் சரி. ஆனால் இவை நாசரேத்தில் சனிக்கிழமை மணி அடிப்பதை விளக்காது. அதற்கு நம் ஊர்க் கதைக்கு வர வேண்டும். அந்தக் கதையைப் பேசிய மிக முக்கியமான பிரதி 1919-இல் தரங்கம்பாடியில் எழுதப்பட்டது.

3

1919 மே 1, 2 தேதிகளில் முப்பத்து மூன்று பேர் தரங்கம்பாடியில் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். முன்னின்றவர் வி.எஸ். அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர், 1912-இல் தோர்ணக்கல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அந்தக் கூட்டத்தில் வெளியான தரங்கம்பாடி அறிக்கை தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அழைத்தது. அங்கிருந்து தொடங்கிய பேச்சுவார்த்தை இருபத்தெட்டு வருடம் நடந்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. ஆக முடிந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே இணைந்திருந்த காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் எல்லாம் ஒரே சபையாயின. பேராயர் உள்ள சபையும் பேராயரே வேண்டாம் என்ற சபையும் ஒன்றானது உலகத்துக்கே புதுசு. அசரியா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1945-இன் முதல் நாள் காலமானார்.

அந்த அறிக்கையை மரியாதையோடு வாசிக்கிறேன். அதன் மையத்தில் ஒரு வாதம் இருக்கிறது: இந்தப் பிரிவுகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை. விடுதலைப் போராட்டம் சூடேறிக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு வலுவான வாதம் என்று சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் பழைய சண்டைகளை எட்டயபுரத்துக் கரிசல்காட்டு விவசாயி ஏன் சுமக்க வேண்டும்?

பாதி உண்மை அது. சாட்சி 1835. திருநெல்வேலியில் சி.எம்.எஸ். சங்கத்துக்காக உழைத்த ரேனியஸ் பிரஷ்யா நாட்டவர், லுத்தரன் மரபுக்காரர். 1820 முதல் அங்கே ஊர் ஊராகச் சபைகளை உருவாக்கியவர். தமிழில் எழுதியவர், மொழிபெயர்த்தவர். தன்னிடம் பயின்ற உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் பேராயர்தான் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. ஆங்கிலிக்கன் சபை ஒழுங்கைக் கடுமையாக விமரிசித்து எழுதினார். 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. அவரோ ஜனங்கள் கூப்பிட்டார்கள் என்று திரும்பி வந்தார். உபதேசியார்களும் சபைகளும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். 1838-இல் அவர் இறந்த பிறகுதான் அது ஆறியது. ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வழக்கில் தாமிரபரணிக் கரைப் பனையேறி ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டியிருந்தது.

பெரும்பாலான பிரிவுகள் இவ்வளவு சண்டைகூட இல்லாமல் வந்தவை. எந்த மிஷனின் வண்டி முதலில் வந்ததோ அதுதான் சபை. நாசரேத், முதலூர், இடையன்குடி எஸ்.பி.ஜி.; மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ்.; மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன். எங்கள் பக்கம் வந்த வண்டி ராக்லண்டுடையது. கேம்பிரிட்ஜில் படித்தவர், சி.எம்.எஸ். சங்கத்தின் சென்னைச் செயலாளராக இருந்தவர், 1854-இலிருந்து வடதிருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராக நடந்தவர். 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். அந்த வண்டி வேறு மிஷனுடையதாக இருந்திருந்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வேறு ஞாயிறு ஒழுங்கைப் படித்து வளர்ந்திருப்பார்கள். அதில் தத்துவம் ஒன்றும் இல்லை. இதுவரை அறிக்கை சொல்வது சரி.

4

ராக்லண்டு இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1857-இல், நாசரேத்தில் நடந்தது வேறு மாதிரி. அதை யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை.

சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் மிஷன் பள்ளியில் படித்து உபதேசியார் ஆனவர். நாசரேத் மிஷனரியோடு மோதல் வந்து வேலையிலிருந்து விலக்கப்பட்டார். இதற்கிடையில் 1849-இல் கால்டுவெல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டிருந்தார். அந்தச் சாதியாரை நாகரிகத்தில் தாழ்ந்தவர்களாக, பேய் வழிபாட்டுக்காரர்களாக அது காட்டியது. இங்கிலாந்தில் மிஷனுக்குக் காசு திரட்ட உதவியிருக்கலாம். இங்கே அதைப் படித்தவர்களுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சட்டாம்பிள்ளை அதற்கு எதிராக எழுதினார், ஆள் சேர்த்தார். 1857-இல் அவரும் அவரோடு இருந்தவர்களும் வெள்ளைக்காரர் இல்லாத ஒரு சபையைத் தொடங்கினார்கள். இந்துக் கிறிஸ்தவச் சபை, ஏக இரட்சகர் சபை என்றெல்லாம் பெயர். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், தரையில் உட்கார்ந்து வழிபாடு. ஐரோப்பியர்கள் பைபிளிலிருந்து எதையெல்லாம் கழித்தார்களோ அதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எங்களைவிட நீங்கள்தான் மூல நூலிலிருந்து விலகியவர்கள் என்று மிஷனரியைப் பார்த்துச் சொல்ல எவ்வளவு படிப்பும் துணிச்சலும் வேண்டும்!

சின்ன வயதில் கோடை லீவில் ஆச்சி வீட்டில் இருக்கும்போது, “அவங்க சனிக்கெழமைக்காரங்க” என்று யாரையாவது காட்டுவார்கள். எனக்கு அது ஏதோ வினோதமாகப் பட்டது. ஒரு புத்தகம் உண்டாக்கிய காயம் ஒன்றரை நூற்றாண்டாகக் கிழமையாக நிற்கிறது என்று அப்போது தெரியாது.

தரங்கம்பாடி அறிக்கையில் எனக்கு இடிக்கிற இடம் இதுதான். அசரியா பிறந்த ஊரும் நாசரேத்தும் ஒரே தேரிக்காட்டுப் பகுதி. அவர் பிறப்பதற்குப் பதினேழு வருடம் முன்பு நடந்தது இது. பிரிவுகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை என்று எழுதினால் இந்தப் பிரிவு கணக்கில் வராது. இதைவிடச் சிக்கல் என்னவென்றால், சட்டாம்பிள்ளையின் காயம் என்ன என்று அசரியாவுக்கு நன்றாகவே தெரியும். 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் எல்லாம் கொடுத்தார்கள், நட்பை மட்டும் கொடுக்கவில்லை என்று அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னால் பேசியவர் அவர். ஆனால் 1919-இல் ஒற்றுமைக்கு அடிப்படையாக அறிக்கை முன்வைத்த நான்கு விஷயங்கள்: வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், இரண்டு திருவருட்சாதனங்கள், பேராயர் பதவி. அவமதிப்பு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. சாதிக்கும் இடமில்லை.

சட்டாம்பிள்ளையை நான் நாயகனாக்கவும் போவதில்லை. அவருடைய கோபத்தில் தன்மானம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு சாதிப் பெருமிதமும் இருந்தது. தன் சாதி பழைய ஆண்ட குலம் என்று நிறுவுவதும் அந்த எதிர்ப்பின் ஒரு பகுதி. அதற்கும் முன்பு தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் புதிய மிஷனரிகள்மேல் வைத்த புகார்களைப் பாருங்கள். பழகிய வேதப் புத்தகத்தின் மொழியை மாற்றுகிறார்கள், தமிழ்ப் பாட்டை, பூவை, பண்டிகையைத் தடுக்கிறார்கள் என்றார். படிக்கும்போது நாம் அவர் பக்கம் போய்விடுவோம். அதே மூச்சில், கோயிலில் சாதி வரிசையை அழிக்கிறார்கள் என்பதையும் குற்றமாகச் சேர்த்திருக்கிறார். மகாகவிதான். இருந்தாலும் அந்தப் பட்டியலில் எது பண்பாடு, எது சாதி என்று அவரால் பிரிக்க முடியவில்லை. நம்மாலும் அது அவ்வளவு எளிதில்லை.

ஆகவே நான் வந்து சேர்கிற இடம் இது. ஒரு சபை உடையும்போது வெளியே சொல்லப்படுவது உபதேச வேறுபாடு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு புகார். யாரோ அதை முதலில் வாயால் சொல்லியிருப்பார்கள், பிறகு மனுவாக எழுதியிருப்பார்கள், கேட்க ஆள் இல்லாதபோது எழுந்து போயிருப்பார்கள். அந்தப் புகார் நியாயமாகவும் இருக்கலாம், அநியாயமாகவும் இருக்கலாம். ஒற்றுமை பற்றிய எந்த ஆவணத்தை வாசித்தாலும் நாம் பார்க்க வேண்டியது, அந்தப் புகாருக்கு அதில் பதில் இருக்கிறதா என்பதை. தரங்கம்பாடி அறிக்கை 1835-க்குப் பதில் சொல்கிறது. 1857-க்குச் சொல்லவில்லை. இன்னொன்று: அறிக்கை எழுதப்பட்டது தரங்கம்பாடியில், 1706-இல் சீகன்பால்கு இறங்கிய மண்ணில். அந்த மிஷனின் வாரிசான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1947 இணைப்பில் சேரவில்லை. இன்றுவரை தனிச் சபை.

5

“பிரிவினைதான் பாவம், ஒரே சபையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறவர்களை வடக்கன்குளத்துக்கு அழைத்துப்போக வேண்டும்.

வடக்கன்குளம் கத்தோலிக்க ஊர். ஒரே போப், ஒரே பூசை, ஒரே நற்கருணை. 1872-இல் அங்கே கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கை. பீடத்திலிருந்து கால்சட்டைபோல இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். நடுவில் தடுப்பு. பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஜனங்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. கட்டடக்கலையாகப் பார்த்தால் புத்திசாலித்தனமான தீர்வு. 1910-இல் அந்தத் தடுப்பை எடுத்தபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போயிற்று. தடுப்பைத் திரும்ப வைக்க நீதிமன்றம் உத்தரவிடவில்லை.

பழைய கதை என்று சொல்ல முடியாது. 2008-இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். சாவு ஊர்வலம் போகும் பாதையிலிருந்து கோயில் நிர்வாகம்வரை அவர்களுக்குப் புகார் இருந்தது. அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இங்கே பிரிவைக் கேட்டது யார் என்று பாருங்கள். ஒற்றுமைக்குள் இடம் கிடைக்காதவர்கள். அவர்களிடம் போய்ப் பிரிவினை கூடாது, நாம் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்று சொன்னால், அந்த வாக்கியத்துக்கு “பேசாமல் உன் இடத்திலேயே இரு” என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை.

போர்டு ஒன்றாக இருப்பதால் சுவர் போய்விடாது. போர்டு வேறாக இருப்பதால் சுவர் வந்துவிடாது. எங்கள் சொந்தத்தில் ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் பெண் கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள். சாதி வேறென்றால் ஒரே சபைக்குள்ளேயே பேச்சு நின்றுவிடும்.

6

இனி வார்த்தைக்கு வருவோம். பாஸ்டர் ‘தேவன்’ வேண்டும் என்றதை நான் அப்போது பிடிவாதம் என்று நினைத்தேன். இலக்கியம் வாசிக்க ஆரம்பித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

பழைய கத்தோலிக்கத் தமிழில் இறைவன் ‘சர்வேசுரன்’. ஃபப்ரிசியுஸின் லுத்தரன் பைபிளில் ‘பராபரன்’. பல மிஷன்கள் சேர்ந்து, பவர் தலைமையில் திருத்தி, 1871-இல் வந்த பைபிளில் ‘தேவன்’. அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செய்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. லுத்தரன்கள் அப்போதும் ஃபப்ரிசியுஸை விடவில்லை. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து ‘திருவிவிலியம்’ கொண்டுவந்தார்கள். அதில் ‘கடவுள்’. கத்தோலிக்கர்கள் தங்கள் பங்குக்கு அருளப்பரை யோவானாக, சின்னப்பரைப் பவுலாக விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் மறுபக்கத்தில் பெரும்பாலோர் இன்னும் பவர் பைபிளைத்தான் கக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாகச் செய்த புத்தகம் நடைமுறையில் ‘ஆர்.சி. பைபிள்’ ஆகிவிட்டது. என் காலண்டர் தப்பும் அதிலிருந்து வந்ததுதான்.

மொழிநடையில் 1995 பைபிள் இன்றைய தமிழுக்கு நெருக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் அழும்போது எந்தச் சொல்லில் அழுவார் என்பதைக் கமிட்டி தீர்மானிக்க முடியாது. ‘கர்த்தாவே’ என்று ஆச்சி முனகிய இடத்தில் ‘ஆண்டவரே’ என்று போட்டால் பொருள் மாறாது, ஆச்சி இருக்கமாட்டாள். வாசகர்களாகிய நமக்கு இது புரியாதா? பிடித்த கவிதையில் ஒரு சொல்லை மாற்றினால் சண்டைக்குப் போகிறவர்கள்தானே நாம்!

இந்தச் சண்டைகளால் தமிழுக்கு நஷ்டமும் இல்லை. வீரமாமுனிவர் காவியம் எழுதினார் என்று பள்ளியில் படிக்கிறோம். தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்து அவர் எழுதிய ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகியவை உரைநடை. எதிராளியை மடக்க வேண்டும், சாதாரண ஜனத்துக்குப் புரியவும் வேண்டும் என்றால் வெண்பா உதவாது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர் பிறகு அதே தெளிவான உரைநடையைக் கிறிஸ்தவத்துக்கு எதிராகவும் திருப்பினார். தமிழ் உரைநடை வளர்ந்ததில் பத்திரிகைக்கு உள்ள பங்கைப் பேசுகிறோம். மதச் சண்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

உபதேச வேறுபாடு எல்லாமே சும்மா சாக்கு என்றும் நான் சொல்லவில்லை. ஞானஸ்நானம் ஓர் உதாரணம். குழந்தைக்குக் கொடுக்கலாமா, வளர்ந்து தானே கேட்டபின் தண்ணீரில் முழுக்கிக் கொடுக்க வேண்டுமா? குழந்தைக்குக் கொடுக்கிற சபை, நீ தேர்ந்தெடுப்பதற்கு முன்பே நீ எங்கள் பிள்ளை என்கிறது. முழுக்குச் சபை, பிறப்பால் யாரும் எதுவும் ஆவதில்லை, நீயே வந்தால்தான் என்கிறது. சாதி ஊறிய நாட்டில் இரண்டாவது வாக்கியத்துக்குத் தனி ஈர்ப்பு இருக்கிறது. முதல் வாக்கியத்தில் ஒரு தாய்மை இருக்கிறது. இரண்டையும் ஒரே கமிட்டி அறிக்கையில் கரைத்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கரைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

7

என் பெரியம்மா அந்த இரண்டாவது வாக்கியத்தை நம்பிப் போனவள். பெரியப்பா இறந்து நான்கைந்து வருடம் கழித்து ஒரு பெந்தெகொஸ்தே கூடுகைக்குப் போக ஆரம்பித்தாள். முழுக்கு எடுத்தாள். காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். பழைய சபைக்காரர்களுக்கு அது பெரிய அவமானம். “நாங்க கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதோ?” என்று கேட்டார்கள். அவளை அங்கே என்ன இழுத்தது என்று ஒருமுறை கேட்டேன். “அங்க என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாகல” என்றாள். அறுபது வருடம் போன கோயிலில் அவள் இன்னாருடைய பெண்சாதி, இன்னாருடைய விதவை. இதுவும் ஒரு புகார்தான். அவள் அதை யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. “நான் செத்தா உங்க பெரியப்பா பக்கத்துலயே வச்சிருங்கல.”

அவள் இறந்த அன்று மத்தியானம் பழைய சபைக் கமிட்டி கூடியது. எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. எந்தச் சபையிலும் நடக்கக்கூடியதுதான். பதிவேட்டில் பேர் இல்லை, காணிக்கை பாக்கி, அவராக விலகிப் போனவர், விதி விதிதான் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். புது சபைக்கு வாடகை ஹால்தான், கல்லறை கிடையாது. அந்த பாஸ்டர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். சாயங்காலம்வரை பேசிப் பார்த்தோம். கடைசியில் பெரியம்மாவை ஊருக்கு வெளியே பொதுச் சுடுகாட்டின் ஓரத்தில் அடக்கம் செய்தோம். பெரியப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர், ஒரு தார் ரோடு, ஒரு கருவேலங்காடு.

சபைப் பிரிவுகள் முக்கியமா என்று கேட்டால் என் பதில் இப்போது இதுதான். கடவுளா தேவனா, ஞாயிறா சனியா, தெளிப்பா முழுக்கா என்பவையெல்லாம் அவரவருக்கு உயிர்போகிற அளவுக்கு முக்கியம். அப்படியே இருக்கட்டும். அவற்றை அழித்துச் செய்கிற ஒற்றுமை இன்னொரு போர்டைத்தான் மாட்டும். ஆனால் ஒரு சபை தன் வேறுபாட்டின் விலையை அடுத்தவர் தலையில் கட்டும் இடங்கள் உண்டு. கல்லறைக் குழி, கல்யாணச் சான்றிதழ், பள்ளிக்கூட சீட்டு, சாதிக்கொரு பாதை. அங்கே எந்த உபதேசமும் சாக்காக நிற்க முடியாது. தரங்கம்பாடியில் போட்ட நான்கு அடிப்படைகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க எனக்கு உரிமை இருந்தால் இப்படி எழுதுவேன்: எங்களை விட்டுப் போனவர்களுக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. இதற்கு யாரும் நிசேயா பிரமாணத்தைத் திருத்த வேண்டியதில்லை. கேட் பூட்டைத் திறந்தால் போதும்.

ஸ்டிக்கர் ஒட்டிய காலண்டர் ஒன்றைப் பாஸ்டர் அன்று அம்மாவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த சித்திரை வெயிலில் பசை இளகி ஸ்டிக்கரின் ஒரு ஓரம் பிரிந்தது. ‘தேவன்’ லேசாகத் தூக்கிக்கொண்டு, அடியில் ‘கடவுள்’ தெரிந்தது. அம்மா அதை ஒட்டவும் இல்லை, பிய்க்கவும் இல்லை. டிசம்பர்வரை அப்படியே தொங்கியது.